வழிவிட்ட சாக்கு யானை

போடிக்கு ரயில் வராத காலம். மெட்டு என்கிற மலைக்கணவாய்க்கு மேலே விளைகிற ஏலக்காய் எல்லாம் பொதிமாட்டு முதுகில்தான் கீழே இறங்கும். நூர் முகம்மது ராவுத்தர் கடைக்குப் பொதிமாடு ஓட்டிய சோலை தங்கமான மனுஷன். வம்புதும்புக்குப் போகமாட்டார். ஆனால் ஒரே ஒரு கிறுக்கு உண்டு. திருவிழாவில் எந்த நாடகம் போட்டாலும் மிருக வேஷம் அவருக்குத்தான் வேண்டும். ராஜா வேஷத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தொடமாட்டார். புலியாக வந்திருக்கிறார், கரடியாக வந்திருக்கிறார், ஒரு வருஷம் குதிரையாக வந்து ராஜாவையே குப்புறத் தள்ளியிருக்கிறார். ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அவர் மனைவி வேலுத்தாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நாலு கால்ல நடக்குற மனுசனுக்கு வாக்கப்பட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கிறுக்கு பிறவியிலேயே வந்ததல்ல. ஒருநாள் மெட்டுப் பாதை வளைவில் அவர் எதிரே யானை நின்றது. மலையில் யானையின் பேரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். 'பெரியவுக' என்பார்கள். எதிர்ப்பட்டால் ஓடாமல் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்பார்கள். சோலையும் கேட்டார்.

"பெரியவுகளே, நாங்க புள்ளகுட்டிக்காரவுக. வயித்துப்பாட்டுக்கு வந்தோம். வழி விடுங்க."

யானை வழி விடவில்லை. துரத்தவும் இல்லை. நின்று அவரையே பார்த்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குக் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது.

கடைக்கு வந்து சொன்னார். "அப்புறம்?" என்று கேட்டார்கள். "அப்புறம் ஒண்ணுமில்ல. பாத்துச்சு." "அம்புட்டுத்தானா?" என்று எழுந்து போய்விட்டார்கள். அது என்னத்தைப் பார்த்தது, தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று கேட்க ஆளில்லாமல் அந்தப் பார்வை சோலையின் மண்டைக்குள்ளேயே குடியிருந்துவிட்டது. அன்றிலிருந்துதான் இந்த வேஷப் பைத்தியம். பல வருஷம் புலியாகவும் கரடியாகவும் திரிந்த பிறகு, கடைசியில் தானே ஒரு நாடகம் கட்டினார். பாட்டு கிடையாது, ராஜா கிடையாது, கோமாளியும் கிடையாது. யானையை விரட்ட ஒருவன் காட்டில் தீ வைக்கிறான். தீயில் குட்டி செத்துப்போகிறது. அப்புறம் அவன் போகிற இடமெல்லாம் தாய் யானை வந்து நிற்கிறது. கிணற்றடியில் நிற்கிறது, கல்யாணப் பந்தலில் நிற்கிறது, சோற்றுத் தட்டுக்கு எதிரே நிற்கிறது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. வருவது யானையா, அவன் மனசா? நாடகம் அதைச் சொல்லாது. கடைசியில் அவன் அழுது புரண்டு வழி கேட்பான். யானை விடாது. அவ்வளவுதான்.

யானைக்கு முன்னங்கால் சோலை, பின்னங்கால் கடையில் மூட்டை தூக்கும் யூனுஸ்.

"வழி விட்டா என்னண்ணே கொறஞ்சு போகுது? பாவம், கும்பிட்டுக் கேக்குறான்ல" என்றான் யூனுஸ்.

"விடாதுப்பா. விட்டா நாடகமே இல்ல. நான் நின்னா நீயும் நின்னுக்கிரு. இடியே விழுந்தாலும் காலைத் தூக்கப்புடாது."

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் செல்லக்கிளிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. ராசிங்காபுரம் மாயக்காள் வீடு. புருஷன் காய்ச்சலில் போனபிறகு ஒற்றை ஆளாக நின்று நிலத்தையும் மகனையும் காப்பாற்றிய பொம்பளை. பேச்சு கறார். அப்படிப்பட்ட இடத்தில் போய், எங்க வீட்டுக்காரர் கரடி வேஷம் கட்டுவார் என்றா சொல்ல முடியும்? கடையில் எடை பார்க்கிறார், வேறு எந்தப் பழக்கமும் கிடையாது என்று வேலுத்தாய் ஒரு பொய்யைப் போட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவாயிற்று.

"நிச்சயம் முடியிற மட்டும் வேசம் கீசம்னு போனீக, நான் மனுசியா இருக்கமாட்டேன்" என்றாள் வேலுத்தாய். சோலை தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது அவருக்கே வெளிச்சம். திருவிழா நாடகம் புதன்கிழமைதானே, ராசிங்காபுரத்துக்காரி புதன்கிழமை எதற்குப் போடிக்கு வரப்போகிறாள் என்பது அவர் கணக்கு.

மலை ஆட்கள் பொழுது சாய்வதற்குள் மெட்டு ஏற வேண்டும் என்று நாடகத்தைப் பகலிலேயே வைத்தார்கள். உச்சி வெயிலில் யானையைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூங்கில் பிளாச்சில் கட்டிய கூடு, மேலே ஏலக்காய்ச் சாக்கு, தும்பிக்கை முழுக்க வைக்கோல். காது இரண்டும் வேலுத்தாய் அரிசி புடைக்கிற சொளகு. அவளைக் கேட்காமல் அடுப்படியிலிருந்து எடுத்து வந்தது. வாய்ப் பக்கம் இருந்த கிழிசல் வழியாகச் சோலைக்குத் தரையும் ஜனங்களின் காலும் தெரிந்தன.

யானை கிளம்புகிற நேரத்தில் வேலுத்தாய் இரைக்க இரைக்க ஓடி வந்தாள்.

"குடியக் கெடுத்தீகளே! ராசிங்காபுரத்து மதினி நிச்சயச் சேலை எடுக்க வந்திருக்காக. நாடகம்னதும் முன்வரிசையில வந்து உக்காந்துட்டாக. வெரசா இதைக் கழட்டுங்க."

"கழட்டி யாருகிட்டக் குடுக்க? மூஞ்சி வெளிய தெரியாது தாயி. ஆனைன்னு நெனச்சுக்கிருவாக."

"ஆத்தே! எம்மக வாழ்க்கை ஒரு சாக்குக்குள்ள கெடக்குதே" என்று அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கொட்டு அடித்துவிட்டார்கள். என்ன ஆனாலும் முகத்தை வெளியே காட்டக்கூடாது என்று ஜக்கம்மாளை வேண்டிக்கொண்டு யானை மைதானத்துக்குள் நடந்தது.

தீ வைத்தவனாக வந்தவர் வண்டிக்கார ஜக்கையன். நன்றாகத்தான் செய்தார். ஆனால் கூட்டம் ஒரு நிலையில் இல்லை. "ராசா எப்பய்யா வருவாரு?" என்று ஒரு குரல். "கோமாளியை எறக்குங்கப்பா" என்று இன்னொன்று. ஜக்கையன் சோற்றுத் தட்டில் கை வைக்க முடியாமல் அழுதபோது ஒரு பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொட்டிபுரத்து விவசாயி ஒருவர் கோபமாக எழுந்து, "எங்க சோளத்தை மிதிச்சுச்சே, அதுக்கு யாரு அழுகுறது? தீ வச்சவன் செஞ்சதுதான் சரி!" என்று கத்தினார். நாலு பேர் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். மலை ஆட்கள் மட்டும் சாக்கு யானைதான் என்று தெரிந்தும் அதைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வியர்த்துக் கொட்டிய சோலைக்கு இத்தனை குரலில் எதை நம்புவது என்று புரியவில்லை. பரவாயில்லை, கடைசிக் காட்சி வந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தார்.

ஜக்கையன் தரையில் விழுந்து வழி கேட்டார். யானை நின்றது. சிரித்தவர்களும் கொஞ்சம் அடங்கினார்கள். யானை அசையவில்லை. சோலை அன்றைக்குத் தன்னைப் பார்த்த அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது முன்வரிசையிலிருந்து இரண்டு கால்கள் எழுந்து வந்தன. மெட்டி இல்லாத கால்கள். ஜக்கையனைத் தாண்டி யானைக்கு எதிரே வந்து நின்றன.

"பெரியவுகளே, நாங்க புள்ளகுட்டிக்காரவுக. வயித்துப்பாட்டுக்கு வந்தோம். கையில பச்சப்புள்ள இருக்கு. வழி விடுங்க."

மாயக்காளின் குரல். சோலை கிழிசலை மேலே தூக்கிப் பார்த்தார். அவள் கையில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தையை ஏந்தியிருப்பதுபோலக் கை இரண்டும் மார்போடு மடங்கியிருந்தன. அவள் நாடகம் பார்க்கவில்லை, வேறு எங்கோ நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, இந்த வார்த்தையை மலையில் நின்று சொன்னவள் அல்லவா இவள்!

அந்த நிமிஷத்தில் சோலைக்கு நாடகம் மறந்துபோயிற்று. மகள் கல்யாணமும் மறந்துபோயிற்று. ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார். விலகி வழி விட்டார்.

இடியே விழுந்தாலும் காலைத் தூக்காதே என்று சொல்லப்பட்ட யூனுஸ் தூக்கவில்லை. பிளாச்சு படாரென்று முறிந்தது. யானை நடுவில் இரண்டாகப் பிளந்தது. யூனுஸ் ஒரு பக்கம் மல்லாந்தான், தலை ஒரு பக்கம் உருண்டது, சொளகு ஒரு பக்கம் பறந்தது. நடுவில் சோலை, வைக்கோலும் வியர்வையுமாக, உலகத்துக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கூரையில்லாத மைதானத்தையே பிய்த்துவிடும்போலச் சிரித்தது. "இதைவிட நல்ல நாடகம் நான் பாத்ததே இல்ல" என்று ஒருவர். "பொழுது வீணாப் போச்சு" என்று இன்னொருவர். சோளக்காரர் மட்டும் ஏனோ பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மலை ஆட்கள் மாயக்காள் நடந்துபோக ஒதுங்கி நின்றார்கள்.

வேலுத்தாய் பாய்ந்து வந்தாள். "மதினி, அது வந்து... சும்மா வெளையாட்டுக்கு... அவுகளுக்குப் பழக்கமே கெடையாது..."

மாயக்காள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சோலையைப் பார்த்தாள்.

"அண்ணே, நானும் ஒங்ககிட்டப் பொய்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல போகல. எம்மகன் கைப்புள்ளையா இருந்தப்ப ஏலக்காட்டுச் சோலிக்கு மலையேறினோம். பாதையில நின்னுச்சு. அவரு கும்பிட்டுக் கேட்டாரு. நானும் புள்ளையத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். ஆனை அடிச்ச வீடுன்னா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பாகன்னு ஊருல வாயவே தெறக்கல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அது விடல. நீங்க விட்டீகளே அண்ணே."

சோலைக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

மாயக்காள் குனிந்து கீழே கிடந்த சொளகுகளை எடுத்தாள். ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு வேலுத்தாயிடம் நீட்டினாள்.

"பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க மதினி. வெள்ளிக்கிழமை நாங்க வண்டி கொள்ளாம வருவோம். அரிசி பொடைக்கணும்ல?"