தொறந்து காட்டுங்க

"தொறந்து காட்டுங்க" என்றபடி அவள் கையை நீட்டுகிறாள். எதிரே நிற்பவர் ஒரு நீதிபதி. இப்போதுதான் காரிலிருந்து இறங்கி, துப்பாக்கியை உறையிலிருந்து உருவியிருக்கிறார். "காலியாத்தாம்மா இருக்கு" என்கிறார். "அதைத் துப்பாக்கி சொல்லட்டுங்க." நீதிபதி துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறக்கிறார். அவள் குனிந்து, இரண்டு குழல்கள் வழியாகவும் வானத்தைப் பார்க்கிறாள். வானம் தெரிந்தால்தான் ஆளை உள்ளே விடுவாள்.

ஊர்க்கோடியில், கைவிட்ட கல்குவாரிக்குள் இருக்கிறது அந்தத் தட்டு சுடும் கிளப். அங்கே எல்லாருக்கும் அவள் 'தொறக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஞாயிறு முழுக்க அங்கேதான் நிற்பாள். தட்டு வீசும் மெஷின் நின்றுவிட்டால் வாசலை விட்டுவிட்டு, சுடும் மேடைக்கே வந்து, ஒவ்வொரு துப்பாக்கியும் மடித்துக் கிடக்கிறதா என்று பார்ப்பாள். மற்ற நாட்களில் தையல்காரி. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவள் போல, இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவாள். கத்தரிக்கோலை மூடி நீட்டினால்தான் கையில் வாங்குவாள். பேரனின் தண்ணீர்த் துப்பாக்கியைக்கூட ஒருநாள் வாங்கிச் சோதித்ததாக மகள் சொல்லிச் சிரிப்பாள்.

கிளப் தொடங்கிய காலத்தில் அங்கே சுட்டது தட்டை அல்ல, உயிருள்ள புறாவை. பெட்டிக் கதவைக் கயிற்றால் இழுத்து, பறக்கவிட்டுச் சுடுவார்கள். அடிபட்ட புறா ஒன்று கிளப்பைத் தொடங்கியவரின் மனைவி மடியில் வந்து விழுந்து துடித்ததாம். அதோடு புறா போய்த் தட்டு வந்தது. தாரும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்து வார்த்த, உள்ளங்கை அகலத் தட்டு. குழிக்குள் இருக்கும் மெஷின் அதை வானத்தில் வீசும். ஆனாலும் பழைய வாய்ப்பழக்கம் போகவில்லை. தட்டு நொறுங்கினால், "பறவை செத்துச்சு" என்பார்கள் மூத்த உறுப்பினர்கள். தொறக்காவுக்கு அது ஆகாது. "ஒடைஞ்சுதுன்னு சொல்லுங்க" என்பாள்.

முன்பு அந்த மெஷினைக் கவனித்துக்கொண்டவர் அவள் புருஷன், மோட்டார் மெக்கானிக். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் சிக்கிக்கொண்டது. அவர் குழிக்குள் இறங்கினார். மேடையில் சுட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய உயிர் நண்பர், மருந்துக்கடைக்காரர். ஒரு தோட்டாவைச் சுட்டாகிவிட்டது. இன்னொன்று குழலுக்குள் இருந்தது. துப்பாக்கியை மடித்துத் திறக்க மறந்துபோய், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டபடி குழிப் பக்கம் நடந்தார். ஈர மண்ணில் கால் வழுக்கியது. துப்பாக்கி வெடித்தது. பதில் சொல்லத் தலையைத் தூக்கிய அவள் புருஷன் குழிக்குள்ளேயே சரிந்தார்.

விபத்து என்று வழக்கு முடிந்தது. மருந்துக்கடைக்காரர் அதற்குப் பிறகு குவாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தெருவில் அவளைக் கண்டால் கடைக்குள் புகுந்துகொள்வார். அவளும் ஒரு தலைவலி மாத்திரை வேண்டுமென்றால்கூட அடுத்த தெருவுக்குத்தான் போவாள்.

கிளப்பை இழுத்து மூடக் கூட்டம் போட்டார்கள். அவள் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றாள். "மூடுறது உங்க இஷ்டம். அவர் பேரைச் சொல்லி மூடாதீங்க. துப்பாக்கி தொறந்து இருந்திருந்தா அவரும் இருந்திருப்பார். அதைப் பார்க்க ஒரு ஆள் இருந்தாப் போதும். நான் பார்க்கிறேன்." அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பழைய போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். நீதிபதி தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூட மறந்து அப்படியே நின்றார்.

"குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன், தங்கச்சி" என்றார் மருந்துக்கடைக்காரர். "இனிமே லைசென்ஸைப் புதுப்பிக்கப் போறதில்ல. இதை ஒடைச்சுப் போடச் சொல்லிடு."

அவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்த கோபத்தை அவர்மேல் எங்கே போடுவதென்று தெரியவில்லை. மனிதர் பாதியாகியிருந்தார். சட்டை தோளிலிருந்து நழுவியது.

"தொறந்து காட்டுங்கண்ணே."

அவர் போர்வையை விலக்கி, துப்பாக்கியை மடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். குழல்கள் பளபளவென்று இருந்தன. மருந்துக்குக்கூடத் துரு இல்லை.

"சுடாத துப்பாக்கியை இப்படித் தொடைச்சு வெச்சிருக்கீங்க?"

"வாராவாரம் தொறந்து பார்ப்பேன்" என்றார் அவர். "காலியா இருக்கான்னு."

அவள் நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்ந்து, மேடையைக் காட்டினாள். "ஒரே ஒரு தட்டு சுட்டுட்டுக் குடுங்க."

"என்னால ஆகாதும்மா."

"எனக்கும் ஆகாதுன்னுதான் நெனச்சேன். அந்த மேடையில வந்து நின்னதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம்னு ஒண்ணு வந்துச்சு. வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். அவர் திறந்த துப்பாக்கியை முழங்கையில் தொங்கவிட்டபடி பின்னால் போனார். மேடையில் ஏறியதும், நீதிபதியிடம் கேட்டு வாங்கிய தோட்டா ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. அவளே எடுத்து, துடைத்து, மறுபடி கொடுத்தாள். இந்த முறை குழலுக்குள் போனது. துப்பாக்கி 'டக்'கென்று மூடிக்கொண்டது.

சுடுவதற்கென்று வந்தவரில்லை, சத்தத்துக்குக் காதில் மாட்ட எதுவும் கொண்டுவரவில்லை. அவள் தன் காதுமூடியைக் கழற்றி, பின்னாலிருந்து அவர் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திச் சரிசெய்தாள். பிறகு தன் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு, தட்டை வீசச் சொல்லிக் குழியைப் பார்த்துத் தலையசைத்தாள்.