இருபத்தாறு நிமிடத்துக்குள்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ் மெஷின் மட்டும் கீழே, படிக்கட்டு ஓரத்தில். வாசலில் இரண்டு வருடத்துக்கு முன் மாட்டிய அக்ரிலிக் பலகை. அதன்மேல் ஒட்டி வந்த நீலத் தாளை இன்றுவரை யாரும் உரிக்கவில்லை. அடியில் 'மெஹ்னாஸ் சிஸ்டம்ஸ்' என்று இருப்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கணவர் காஜா எத்தனையோ முறை உரிக்கப் போயிருக்கிறார். "பெரிய ஆர்டர் ஒண்ணு வரட்டும் மச்சான், நானே உரிக்கிறேன்" என்று மெஹ்னாஸ் தடுத்துவிடுவாள்.

பன்னிரண்டு வருடமாக ஊர் அவளிடம் கேட்டதெல்லாம் ஜெராக்ஸ், லேமினேஷன், பிரிண்டருக்கு மை. அவள் கை துறுதுறுத்ததோ கம்ப்யூட்டர் கட்டுவதற்கு. எந்த பிராசஸருக்கு எந்த மதர்போர்டு ஒத்துவரும் என்று சோறு பிசையும்போதும் பேசுவாள். கம்ப்யூட்டர் வாங்க அத்தி பூத்தாற்போல யாராவது வந்தால், அவளைத் தாண்டி காஜாவிடம்தான், "சார், எது நல்லா ஓடும்?" என்பார்கள். "அவங்களக் கேளுங்க, நம்ம வேலை ஜெராக்ஸ்" என்று காஜா நகர்ந்துகொள்வார். நல்ல மனுஷன்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது, மெஹ்னாஸ் போட்டது. எந்தப் பொருளிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது. தாளில்லாமல் கொடுத்தால், "செகண்ட் ஹேண்டா?" என்று கேட்கிற ஊர் இது. ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் டிவி ரிமோட்டிலும் அந்தத் தாள் வருடக்கணக்காக வாழும். ஆகவே சட்டத்தில் தப்பில்லை.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் குரோம்பேட்டையில் கிராபிக்ஸ் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். அவருக்கு இருபது கம்ப்யூட்டர் வேண்டும். ஒரு மாதிரியைக் கட்டிக் காட்ட வேண்டும். அவர் கொடுத்துவிட்டுப் போன வீடியோவை அது தயாரித்து முடிக்க வேண்டும், அதுவும் ஏசி இல்லாமல், ஏனென்றால் அவருடைய ஸ்டூடியோ ஏசி பாதி நாள் படுத்துவிடும். இன்னொரு கடைக்காரர் ஓவர்க்ளாக் செய்த மெஷினில், அதாவது பிராசஸரை அதன் அளவுக்கு மேல் முடுக்கி, இருபத்தாறு நிமிடத்தில் முடித்துக் காட்டியிருந்தார். அதற்குள் முடித்தால் இருபதும் மெஹ்னாஸுக்கு. இல்லாவிட்டால் பழையபடி ஜெராக்ஸ்தான்.

மூன்று நாள் அவள் தரையில் கால் பாவவில்லை. வாங்கிய மதர்போர்டில் புது பிராசஸர் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் திரை வரவில்லை. போர்டு வந்தபோது இந்த பிராசஸர் பிறக்கவே இல்லை. போர்டை எழுப்பிவிடும் உள் மென்பொருளான பயாஸுக்கு இதை அடையாளம் தெரியவில்லை. புதுப் பயாஸைப் பென் டிரைவில் போட்டு, போர்டின் பின்பக்கப் பொத்தானை அழுத்தினாள். நடுவில் கரண்ட் போனால் போர்டு அவ்வளவுதான் என்று, விளக்கு சிமிட்டிய ஐந்து நிமிடமும் காஜாவை ஃபேனைக்கூடத் தொடவிடவில்லை. திரை ஒளிர்ந்ததும் குதித்தாள், ஸ்டூல் கவிழ்ந்தது.

பிராசஸர் பெட்டியில் ஐந்தரை கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது பிராசஸரின் உள்மூளைகளான கோர்களில் ஒன்றிரண்டு மட்டும் உழைக்கையில், கொஞ்ச நேரத்துக்கு எட்டும் வேகம். எல்லாக் கோரும் சேர்ந்து உழைத்தால் சூடேறும், சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத தாம்பரத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் மெஹ்னாஸ் முடுக்கவில்லை. கம்பெனி வைத்திருந்த வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சூடு இறங்கியது, ஐந்து புள்ளி இரண்டை ஒட்டியே வேகம் நின்று விளையாடியது. பிராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலர் பழசு, அதை வைத்தே இருபத்தைந்தரை நிமிடம்! போட்டி நாள் காலையில், பார்வையாக இருக்கட்டும் என்று, புத்தம்புதுக் கூலரைப் பிரித்து மாட்டினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் வந்து உட்கார்ந்தார். ஓடவிட்டாள். ஒரே நிமிடத்தில் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி. வேகம் ஐந்து புள்ளி இரண்டிலிருந்து நாலு, மூன்று, இரண்டரை என்று சரிந்தது.

மெஹ்னாஸ் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னா மெஹ்னாஸ், போர்டு தாங்கலையா?" என்று காஜா காதோரம் கிசுகிசுத்தார்.

"ஓவர்க்ளாக் பண்ணிப் பாருங்களேம்மா. அவர் அப்படித்தான் பண்ணார்" என்றார் ஸ்ரீநிவாசராகவன், கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஆசை காட்டுகிற யோசனைதான். வோல்ட்டேஜை ஏற்ற விரல் மௌஸ் வரைக்கும் போனது. மூன்று நாள் ஓடிய போர்டு இன்றைக்கு ஏன் தாங்காது? போர்டைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்து கூலரைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

உள்ளே கொதிக்கிறது, மேலே குளிர்கிறது! சூடு நடுவழியில் எங்கேயோ நிற்கிறது.

"சார், பத்து நிமிஷம் கொடுங்க. மொதல்லேருந்து ஓட்டிக் காட்டுறேன்" என்றாள்.

"கொடுத்தேன்" என்றார் அவர்.

மெஷினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் கூலரைத் தூக்கினாள். அடிப்பாகத்தில், பிராசஸரோடு ஒட்டியிருக்க வேண்டிய செம்புத் தகட்டின்மேல், கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள். அவளுடைய சட்டம் அவள் தலையிலேயே விடிந்திருந்தது. ஒளித்து மடக்கிவிடலாம், அவருக்குத் தெரியவா போகிறது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை உரித்து அவர் முன்னாலேயே தூக்கிக் காட்டினாள்.

"என் தப்பு சார். உரிக்காம மாட்டிட்டேன். கடைப் பழக்கம்."

ஸ்ரீநிவாசராகவன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கார் சீட்டுல பிளாஸ்டிக் கவர் நாலு வருஷமா கிழியாம இருக்கும்மா. உட்கார்ந்தா முதுகெல்லாம் வேர்க்கும். மாட்டுங்க, பார்ப்போம்."

சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, கூலரை இறுக்கினாள். மறுபடி ஓடவிட்டாள். எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு. அங்கேயே நின்றது. ஐந்து புள்ளி இரண்டு அசையவில்லை. காஜா கீழே ஜெராக்ஸுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு மேலே ஓடி வந்து, "ஏறுதா? ஏறுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருபதாவது நிமிடத்தில் ஸ்ரீநிவாசராகவனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய மனுஷர், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதுபோல நகம் கடித்தார்.

இருபத்து நாலு நிமிடம், ஐம்பது விநாடி.

காஜா போட்ட சத்தம் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். மெஹ்னாஸ் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

ஸ்ரீநிவாசராகவன் எழுந்தார். காஜாவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "இருபதும் எப்போ கிடைக்கும்மா?"

"ரெண்டே வாரம் சார்."

அவர் படியிறங்கியதும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசல் பலகைக்கு ஏறினாள். இரண்டு வருட வெயிலில் காய்ந்த நீலத் தாள் ஒரேயடியாக வரவில்லை, நகத்தால் சுரண்டச் சுரண்டத் துண்டு துண்டாகப் பிய்ந்தது. 'மெஹ்னாஸ்' பளிச்சென்று தெரிந்தது, 'சிஸ்டம்ஸ்' பாதிக்கு மேல் இன்னும் நீலமாகவே இருந்தது. கீழே ஜெராக்ஸுக்காகக் காத்திருந்த ஒருவர் பொறுமையிழந்து அண்ணாந்து, "அண்ணா இல்லையா? ஒரு கம்ப்யூட்டர் விஷயமாவும் கேக்கணும்" என்றார்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த காஜா கீழே எட்டிப் பார்த்து, பலகையைக் கைகாட்டினார்.

"பேரு தெரியுது இல்ல? அவங்களக் கேளுங்க."