ஐப்பசிக்குக் கொடுத்த தேதி

போன ஐப்பசியில் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊற்றெடுத்தது. நெய்கிறவர் கால் வைத்து மிதிக்கிற குழி அது. அதில் முழங்கால் அளவு தண்ணீர். மேலே தறியில் ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி நின்றது. பட்டு இழைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் அறுந்தன. கார்த்திகையில் முதல் முகூர்த்தமே அந்தப் பெண்ணுக்குத்தான். நான் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

படவேட்டம்மாவுக்கு வெள்ளிதோறும் விளக்கேற்றும் என் சகோதரிகளே, நம் பூஜையில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் செய்த உதவியைச் சொல்லும்போது நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கும் செய்தாள். ஆனால் அதைச் சொன்னால் என் லட்சணமும் சேர்ந்து வெளியே வரும். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

ஆரணியில் எங்களுடையது சின்னத் தொழில். சொந்தமாக ஒரு தறி. மற்றபடி தெரிந்த வீடுகளில் நெய்து வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கிறேன். முன்பு என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து செய்தார்கள். பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவில் சுவர் வந்தது. பழைய வாடிக்கையாளர்களின் நம்பர்களை எல்லாம் நான் முந்திக்கொண்டு என் குரூப்பில் சேர்த்துவிட்டேன். குடும்பப் பெயரையும் என் போர்டில் போட்டுக்கொண்டேன். என் ஓரகத்தி வள்ளி அக்கா வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டார். நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன். அதோடு பேச்சு நின்றது.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது வீட்டுக்காரர், "தறியத் தூக்கி மேல போட்டுக்கலாம். மழைக்குப் பேஜார் இருக்காது" என்றார். நான் கேட்கவில்லை. போட்டோ எடுக்க விளக்கு, நல்ல போன், பெரிய போர்டு என்று செலவழித்தேன். வள்ளி அக்கா மாடியில் ஷெட் கட்டித் தறி போட்டபோது, கொக்குக்குக் கூடு கட்டுகிறார் என்று தெருவில் சொல்லிச் சிரித்தவளும் நான்தான்.

புரட்டாசியில் தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய கல்யாணப் புடவையைக் கொண்டுவந்திருந்தார். கரையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "இது எங்க அப்பா நெய்ததும்மா" என்றார். ருத்திராட்சமும் மயில்கண்ணும் மாறி மாறி வரும் கரை. அதே கரையோடு அரக்கு நிறத்தில் மகளுக்கு வேண்டும் என்றார் அந்த அம்மா. கணவர் இல்லை, ஒரே பெண், அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்றும் சொன்னார்.

"ஐப்பசிக்குள்ள தர்றேன்னு சொல்லாத. அந்த மாசத்துல தறி நம்ம பேச்சக் கேக்காது" என்று வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். சென்னையிலிருந்து இப்படி ஒரு ஆர்டர் வந்தால் பின்னாலேயே பத்து வரும் என்பது என் கணக்கு. வெளியே வந்து, ஐப்பசிக்குள் கையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கங்குச் சட்டி வைத்துப் பார்த்தோம், பல்பு தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டபோது, மழைக்கு முன்னால் எடுத்த படத்தை அன்றைக்கு எடுத்தது போல அனுப்பினேன். ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் அவர் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், விளக்கேற்றிவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "மழைய நிறுத்துடியம்மா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று கதறினேன். மழை நிற்கவில்லை. ஆனால் அழுது ஓய்ந்து வாயை மூடியபோது ஒரு சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப்பக்கம், மேலே, தறி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் மழை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். பொறாமையில் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அம்மனே எழுப்பி அனுப்பியது போல இருந்தது. நனைந்துகொண்டே போய்க் கதவைத் தட்டினேன்.

"இன்னாடி, மழையில நின்னுகினு? உள்ள வா" என்றார் வள்ளி அக்கா. வேறு எதுவும் கேட்கவில்லை.

மாடிக்கு அழைத்துப் போனார். தறியில் மாம்பழ நிறப் புடவை. கரையில் ருத்திராட்சமும் மயில்கண்ணும். பாகம் பிரித்தபோது அந்த டிசைன் அட்டையில் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு படி எடுத்திருந்தோம். முந்தானை மட்டும்தான் பாக்கி. நான் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "இது யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"கீர்த்தனாவுக்குத்தான். தையில நிச்சயம் வெச்சிருக்கோம்."

கீர்த்தனா அவர் மகள். நான் மடியில் போட்டு வளர்த்த பிள்ளை. எந்தெந்த ஊரிலோ யார் யாருக்குக் கல்யாணம் என்று என் போனில் தேதி தேதியாக இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணுக்கு நிச்சயம் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"முகூர்த்தம் நமக்காக நிக்காதுடி" என்றார் அக்கா. "முடிச்சித் தர்றேன், எடுத்துக்கினு போ. எம்பொண்ணுக்குத் தை வரைக்கும் நாள் இருக்குது. ஆனா அந்தம்மாகிட்ட மொதல்ல உண்மையச் சொல்லு. இங்கயே பேசு."

அங்கேயே போன் போட்டு உண்மையைச் சொன்னேன். தாம்பரத்து அம்மா, "மழைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேனே. போட்டோ எதுக்கும்மா அனுப்பின?" என்றார். மாம்பழ நிறப் புடவையின் படத்தை அனுப்பினேன். "எம்பொண்ணு அரக்குதான் கேட்டா. பரவாயில்ல, கரையாவது அதே இருக்கே" என்றார். அந்தப் ‘பரவாயில்ல’ இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பெண் மாம்பழ நிறம் கட்டித்தான் மணையில் உட்கார்ந்தாள். கல்யாணத்தில் பார்த்துவிட்டு விசாரித்தவர்களுக்கு வள்ளி அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். நான் கணக்குப் போட்ட பத்து ஆர்டரும் அங்கேதான் போயிற்று. நியாயம்தான். இப்போது போர்டில் இரண்டு வீட்டுப் பேரும் இருக்கிறது. என் தறி நின்றால் அவர் தறி, அவருக்கு ஆள் இல்லையென்றால் என் வீட்டுக்காரர். ஐப்பசிக்கு யார் தேதி கேட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டு, கார்த்திகை கடைசியில் வாங்க என்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். தொழில் வளர வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம், போர்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் தறியைத் தண்ணீர் எட்டாத இடத்தில் போடு என்றுதான் சொல்கிறேன்.

மழை விட்டு, அந்த அரக்குப் புடவையும் ஒருவழியாக முடிந்தது. அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, கீர்த்தனாவுக்கென்று வள்ளி அக்காவிடம் கொடுத்தேன். தை நிச்சயத்தன்று கீர்த்தனா, "சித்தி, நீதான் கட்டி விடணும்" என்று வந்து நின்றாள். நான் முட்டிபோட்டுக் கொசுவம் வைத்தேன். புடவை கணுக்காலுக்கு மேலே நின்றது. என் மனசில் இருந்தது பாவாடை கட்டிக்கொண்டு சுற்றிய பெண்ணின் உயரம். அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அவள் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

தாயே, கேட்டதைக் கொடுக்காமல் வேண்டியதைக் கொடுத்தாய், உனக்குக் கோடி கும்பிடு. சகோதரிகளே, உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளை நம்பி அழுங்கள். அழுது முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து கேளுங்கள். உங்கள் சுவருக்கு அந்தப்பக்கமும் யாராவது இருப்பார்கள்.