வெட்டி எடுத்த இருமல்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் எழுத வந்துவிட்டதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அண்ணியைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்தேன்.

சாரம் என்கிற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் பின்னறையில், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய அண்ணி பாடுவார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம் அது. அண்ணியின் தங்கை பிரான்சில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே நிலையாகத் தங்கும் அனுமதி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அவள் கேட்பதற்காகத்தான் ஞாயிறுதோறும் ஒரு பாட்டு பதிந்து நெட்டில் போடத் தொடங்கினோம். மாரியம்மன் பாட்டு, நடவுப் பாட்டு, தாலாட்டு, அண்ணி தானே கட்டியவை சில. இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் என்பதே பிரவுசிங் சென்டர்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாட்டுக்கு முன் இரண்டு வரி நான் பேச வேண்டும். அதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி குடிக்கிற அறிவிப்பாளர நான் இப்பதான் தம்பி பாக்கறேன்" என்பார் அண்ணி.

மைக்கில் நேராக ஊதாமல் கொஞ்சம் ஓரமாகப் பாட வேண்டும், அசல் பதிவில் கை வைக்காமல் நகல் எடுத்துத்தான் வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் தப்பு செய்து செய்துதான் கற்றுக்கொண்டேன். தொடக்கத்தில் மீன்காரம்மாவின் குரலையும் குக்கர் விசிலையும் வெட்டிவிடுவேன். தங்கை போன் செய்து, அதையெல்லாம் விட்டுவைக்கச் சொன்னாள். இவளுக்கு என் பாட்டைவிட மீன்காரம்மாதான் முக்கியம் என்று அண்ணி சிரித்தார். அதன்பின் எதையும் வெட்டாமல் இருந்தேன், இருமல் வரும்வரை.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. அண்ணன் யாரிடமும் சொல்ல முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். பாடினார், நடுவில் இருமினார், திரும்பப் பாடினார். இருமலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். தங்கையிடம் சொல்லிவிடலாமே என்று நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.

"சொன்னா கெளம்பி வந்துடுவா. பக்கத்துல ஒக்காந்து அழுவா. நான் போயிடுவேன். அப்புறம் அவ எங்க போவா?"

கம்ப்யூட்டரில் பாட்டு அலை அலையாகத் தெரியும். இருமல் ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். கேட்காமலே கண்ணால் பார்த்து வெட்டப் பழகினேன். வரிக்கு ஒரு ஆணியாக இருந்தது, போகப் போகச் சொல்லுக்குச் சொல் ஆனது. அண்ணி கையைத் தூக்கினால் இருமப் போகிறார் என்று அர்த்தம். இருமி முடித்து, விட்ட சொல்லில் இருந்து தொடங்குவார். நான் ஒட்டுவேன்.

ஒட்டிய பாட்டில் ஏதோ குறைந்தது. மூச்சு என்று பிறகுதான் புரிந்தது. வரி தொடங்கும் முன் ஒருவர் மூச்சு இழுக்கும் சத்தம் இல்லாவிட்டால், பாடுவது மனுஷர் மாதிரியே இருக்காது. அண்ணியின் மூச்சோ அப்போது விசில் அடித்தது. அதை வைத்தால் தங்கைக்குத் தெரிந்துவிடும். அதனால் அண்ணி நன்றாக இருந்த நாட்களில் பாடிய பாட்டுகளில் இருந்து மூச்சுகளை மட்டும் வெட்டி எடுத்து, புது வரிகளுக்கு முன்னால் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதும் எழுந்து வெளியே போய் நின்றேன்.

போனில் அண்ணி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அடுப்பில் வேலை என்று என்னிடம் தந்துவிடுவார். அந்த வாரம் தங்கை என்னிடம், அக்காவின் குரல் முன்னைவிட இப்போது தெளிவாக இருக்கிறது என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அதற்கு முன் பாராட்டியதில்லை. இன்றுவரை அதை நினைத்தால் சோறு இறங்காது.

அண்ணி ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அண்ணன்தான் பிரான்சுக்குப் போன் செய்து சொன்னார். சுடுகாட்டில் இருந்து வந்த சாயந்திரம் தங்கை என்னை அழைத்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"வெட்டினதெல்லாம் அழிச்சிட்டீங்களா மாமா?"

அசல் பதிவுகள் அப்படியே இருக்கின்றன என்றேன்.

"பாட்டு எங்கிட்ட இருக்குது, அது வேணாம். வெட்டாதத அனுப்புங்க. எங்கக்கா இருமினத நான் கேக்கணும். பக்கத்துல இருந்திருந்தா கேட்டிருப்பேன் இல்ல?"

மறுநாள் காலை அண்ணிக்குப் பால் தெளித்துவிட்டு வந்து குளித்தேன். பிரவுசிங் சென்டர் திறந்ததும் போய் உட்கார்ந்து, வெட்டாத பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். நெட் மெதுவாக இருந்தது. முடிவதற்குச் சாயந்திரம் ஆகிவிட்டது.