கரண்ட் போன ஜோடி

இந்த நாட்டில் மின்சாரம் போவதில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் எந்நேரமும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். நாள் போகப் போக அது காதில் விழுவதே நின்றுவிடும். சென்ற வாரம் ஃபியூஸ் போய் அந்த முனகல் சட்டென்று அறுந்தபோதுதான் அப்படியொன்று இருந்ததே தெரிந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று சற்றுப் பொறுத்தே புரிந்தது. தெருவே சேர்ந்து "போச்சு" என்று சொல்லும் அந்தக் குரலுக்காக.

சிவகாசியில் கரண்ட் போனால் முதலில் அணைவது விளக்கல்ல, சத்தம். அண்ணன் பிரஸ்ஸில் ஆஃப்செட் மிஷின் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். அடுத்த வீட்டு மிக்ஸி பாதிச் சட்னியில் நிற்கும். அந்த அமைதியில் வெடி லேபிளுக்கு ஓட்டும் தங்க மையின் வாசம் மட்டும் பெரிதாக எழுந்து வரும். கரண்ட் போன நேரத்தில்தான் அந்த வீட்டில் சீட்டுக்கட்டும் வெளியே வரும். விருதுநகரில் வியாபாரிகள் கூடும் கிளப் ஒன்றில் அண்ணன் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். தீபாவளி சீசன் முடிந்து ஓய்ந்த நாட்களில் மதினிக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவரே மதினியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நான் வந்து ஒதுங்கிய இந்தச் சின்ன ஊரிலும் ஒரு பிரிட்ஜ் கிளப் உண்டு. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நடக்கும். எல்லாரும் வயதானவர்கள். தரை பனியில் இறுகிவிட்டால் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே" என்று என்னைப் பிடித்தார்கள். அப்படித்தான் புதன்கிழமை மதியங்களில் இணையத்தில் போட்டி நடத்தத் தொடங்கினேன். அவரவர் வீட்டில் அவரவர் திரை, நடுவர் நான். ஒரு ஜோடி குறைந்தது. அண்ணனையும் மதினியையும் சேர்த்தேன். இங்கே மதியம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். அண்ணன் கீழே பிரஸ் அறையில், மதினி மாடியில். தம்பதிகள் ஒரே அறையில் உட்காரக்கூடாது என்பது கிளப் விதி.

என் ஊர் வெடி செய்யும் ஊர் என்றதும் ஜீன் என்ற மூதாட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அப்படியானால் தினமும் திருவிழாதான் என்றார். பட்டாசு செய்கிற இடத்தில் நெருப்பென்ற பேச்சே ஆகாது, நாரணாபுரம் பக்கம் கம்பெனி வாசலிலேயே பீடிக்கட்டை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்ல வந்தேன். அவர் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அவர் கணவர் ஆர்தர்தான் அவருக்கு ஆட்டத்திலும் துணை. ஜீன் முன்னறையில், ஆர்தர் சமையலறையில். பெரும்பாலும் அவர்களுக்கு எதிராக ஆடியது சிவகாசி ஜோடிதான்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்ஜ் ஜோடிக்கு ஜோடி ஆடுவது, சீட்டு இறக்குமுன் ஏலம் உண்டு. ஏலத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் எதிரே இருக்கும் துணைக்குச் சொல்லும் செய்தி. நேரில் ஆடும்போது உன் கேள்வியின் பொருளை உன் துணைதான் எதிராளிக்கு விளக்குவார். இணையத்தில் அது தலைகீழ். கேட்டவரே ஒரு சின்னப் பெட்டியில் எழுத வேண்டும். எதிராளிகள் இருவருக்கு மட்டும் அது தெரியும், துணைக்குத் தெரியாது. எங்களைப் போல் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்த விதி புதிதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவரிடம் நெஞ்சுவலியைச் சொல்லிவிட்டு, ஊருக்குப் போன் போட்டு நல்லா இருக்கேன் என்கிறவர்கள்தானே நாங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சிவகாசி ஜோடி அடிக்கடி அறுந்து விழத் தொடங்கியது. ஆட்டத்தின் நடுவே மதினியின் பெயர் திரையில் மங்கிப்போகும். "பவர் கட், மன்னிக்கவும்" என்று அண்ணன் தன் போனிலிருந்து எழுதுவார். மதினி திரும்பி வரும்வரை நான் கடிகாரத்தை நீட்டுவேன். மொத்தக் கிளப்பும் காத்திருக்கும். தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்த காலம் அது. எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் கிளப் செயலாளர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். உங்கள் குடும்பம் ரொம்ப நல்ல மாதிரி, ஆனால் அவர்கள் நாடு இதற்கு இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது, வேறு ஜோடி பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் சுட்டது.

அடுத்த புதன்கிழமை மதினி பெயர் மங்கியதும் அவருக்குப் போன் போட்டேன். கரண்ட் இருக்கா என்று கேட்டேன்.

"இல்லையே தம்பி. இப்பத்தான் போச்சு."

அவர் குரலுக்குப் பின்னால், கீழிருந்து, தடக் தடக் என்று ஒரு சத்தம். இன்வெர்ட்டரில் விசிறி ஓடும், பிரஸ் ஓடாது.

"மிஷின் ஓடுற சத்தம் கேக்குதே மதினி."

மதினி சிரித்துவிட்டார். "ஒங்க அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன், அந்த மிஷினை நிறுத்துங்கன்னு. காலண்டர் லோடு ஏத்தணும், நிறுத்த மாட்டேன்னுட்டாக. பொய் சொல்லக்கூட இந்த வீட்டுல ஒத்தாசை கெடையாது."

அப்புறம் குரல் இறங்கியது. ஆர்தரைச் சொன்னார். ஆர்தர் அண்ணாச்சி என்றார். நேரில் பார்த்திராத, கடலுக்கு அப்பால் ஒரு சமையலறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை. ஒருநாள் ஏலத்தில் அவர் நெடுநேரம் தயங்கி எதையோ கேட்டிருக்கிறார். பொருள் சொல்ல வேண்டிய பெட்டியில் பொருள் இல்லை. 'இது என்ன என்று எனக்கு ஞாபகமில்லை. ஜீனிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

"பாவம், யோசிக்க நேரம் கெடைச்சா அண்ணாச்சி பிடிச்சிருறாக தம்பி. கடிகாரம் ஓடுனாத்தான் தடுமாறுறாக. அதான் நான் லைனைப் புடுங்கிவிட்டுருவேன். அம்புட்டு பேரும் எங்களைத்தானே வைவாக? வையட்டுமே. நம்ம ஊருல கரண்ட் போறது என்ன அதிசயமா."

போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். திரையில் ஆர்தரின் பெயருக்கு எதிரே கடிகாரம் நின்றிருந்தது. அவருக்காக ஒரு தெருவே இருட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

உண்மையைச் சொன்னால் ஆர்தரின் ரகசியம் கிளப்பில் உடையும். சொல்லாவிட்டால் மதினி ஜோடி போகும். அவர்கள் போய்விட்டால் அடுத்த புதன்கிழமையே ஆர்தர் எல்லார் முன்னாலும் தடுமாறுவார். செயலாளரிடம் போனேன். சுற்றுகளைக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் கூட்டலாம் என்றேன். எங்கள் ஊர் மின்சாரத்தை உத்தேசித்து என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை வருடத்தில் என் ஊர்மேல் இவர்கள் காட்டிய இரக்கத்தையெல்லாம் நான் கோபத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

புது நேரத்தில் ஆர்தர் சமாளித்தார். மதினியின் கரண்டும் முன்போல் போகவில்லை. எப்போதாவது, ரொம்ப இக்கட்டில், போகும்.

பனி இளகத் தொடங்கிய ஒரு புதன்கிழமை ஆர்தரின் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க, நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். சமையலறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் மடிக்கணினியில் போட்டியையும் நடத்தினேன். அவர் விரல் விசைகளின்மேல் நின்று நின்று இறங்கியது. பெட்டியில் அந்த வரிகளை எழுதும்போது கையால் திரையை எனக்கு மறைத்துக்கொண்டார், பரீட்சையில் பையன் மறைப்பதுபோல. உடனே மதினி பெயர் மங்கியது. ஆர்தர் வருத்தத்தோடு தலையாட்டி, பாவம் அந்த மக்கள் என்றார்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது இருவரும் வாசல்வரை வந்தார்கள். தெருவில் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு, ஒன்றுகூட அசையாமல். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே என் காது மட்டும் எங்கோ தூரத்தில் ஒரு மிஷின் நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆர்தர் என் கையை விடவில்லை. ஏதோ ஒரு சொல்லைத் தேடினார். கிடைத்தது.

"உங்கள் ஊரில் மின்சாரம் வந்துவிட்டதா?"

நான் வாயைத் திறப்பதற்குள், அவருக்குப் பின்னால் அவருடைய கோட்டைக் கையில் பிடித்தபடி நின்ற ஜீன், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னும் வரவில்லை, ஆர்தர். அவசரமே இல்லை."