பழப்புளி போட்ட பதக்கம்

என்னுடைய மனுசன் சிறீதரனின் கையில் பித்தளை, வெள்ளி, இரும்பு எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மினுக்கித்தான் திருப்பித் தருவார். ஜேர்மனியில் ஹம் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் வாசல் கைபிடியும் தபால் பெட்டி மூடிகளும் பளபளக்கின்றன என்றால் அது வீட்டுக்காரனின் புண்ணியம் இல்லை, இவருடைய வேலை. யாரும் கேட்கவில்லை. அம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் கிழமை தூக்குவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் பழப்புளியும் உப்பும் தேங்காய்த் தும்பும் கொண்டு தேய்க்கும் கூட்டத்துக்கும் இவர்தான் தலைவர். அது பரவாயில்லை. அங்கே கேட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

முப்பது வருசமாக இந்த மினுக்கலோடு குடும்பம் நடத்துகிறேன். கம்பி செய்யும் தொழிற்சாலையில் இரவு பகல் மாறி மாறி வேலை செய்தவர். முதுகு போய் இப்போது ஓய்வு. ஓய்வு என்று சொல்வது டொக்டர் மட்டும்தான். வலது தொடையில் ஊர் யுத்தத்தில் ஷெல் துண்டு பட்ட பெரிய தழும்பு ஒன்று இருக்கிறது, மழைக் குணம் என்றால் நொண்டுவார். அந்த ஷெல் விழுந்த அன்றுதான் இவருடைய தாய், தகப்பன், தங்கச்சிமார் இரண்டு பேர், நாலு பேரும் அதே வீட்டுக்குள் செத்துப்போனார்கள். இதை எனக்குச் சொன்னதுகூட இவர் இல்லை, கலியாணம் பேச வந்த இவருடைய மாமி. இவர் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் கதையை எடுத்தால் எழும்பிப் போய்க் கரண்டி மினுக்கத் தொடங்கிவிடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே பிறிங்க்மன் அம்மா என்று ஒருவர் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர். காலையில் நல்ல மாதிரி. கோப்பி குடிப்பார், பேப்பர் பார்ப்பார், என் தலைமயிரைப் பற்றி நக்கலும் அடிப்பார். பின்னேரம் ஆனால் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுவார். அலுமாரி லாச்சிகளை இழுத்துக் கொட்டி, தலையணை உறையைக் கழற்றி, அப்பாவின் கறுப்புப் பதக்கத்தைத் தேடுவார்.

அவருடைய அப்பா முதலாம் உலக யுத்தத்தில் சண்டை பிடித்துக் காயப்பட்டவர். காயப்பட்ட சிப்பாய்களுக்கு அந்த நாளில் சட்டையில் குத்துகிற பதக்கம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அம்மா அப்பாவின் மடியில் ஏறி இருந்து அதைப் பெருவிரலால் தடவுவாராம். அடுத்த யுத்தத்தில் ஹம் ஸ்டேசன் பக்கம் குண்டு போட்டபோது அப்பா வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தப் பின்னேரம்தான் இந்த மனுசிக்கு இன்னும் முடியாமல் இருக்கிறது. அப்பா இப்போது வந்துவிடுவார், வந்தால் பதக்கம் எங்கே என்று கேட்பார் என்று அழுவார். மருந்து கொடுத்தும் பார்த்தாகிவிட்டது, கை பிடித்துப் பாட்டுப் பாடியும் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் சரிவரவில்லை. அந்தப் பதக்கத்தைக் கையில் கொடுத்தால் ஒரு பின்னேரமாவது அழாமல் இருப்பாரோ என்றுதான் என் மனம் கிடந்து அடித்தது.

அவருடைய தம்பி றொனால்ட், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குக் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். அவரைப் பிடித்து நச்சரித்தேன். பாவம், அந்த வயதில் நிலக்கீழ் அறைக்குள் இறங்கிப் பெட்டி பெட்டியாகக் கிளறி, கடைசியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்து எடுத்துக்கொண்டு வந்தார். முட்டை வடிவம், நடுவில் இரும்புத் தொப்பி, பின்னால் குறுக்கே இரண்டு வாள், சுற்றி இலை மாலை. முழுக்கக் கறுப்பு. பின்பக்கத்து ஊசி மட்டும் உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கொண்டுபோவோம் என்றார். ஊசியை என் மனுசன் ஒட்டித் தருவார் என்று சொன்னது நான்தான். வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும்? ஊசி மட்டும், வேறு ஒன்றிலும் கை வைக்க வேண்டாம் என்று இவரிடம் இரண்டு தரம் சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

வியாழக்கிழமை இரவு எங்கள் வீட்டில் சாமி விளக்கு மினுக்குகிற இரவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், குசினியெல்லாம் புளி மணம். மேசையில் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று, என்னுடைய தோடு வாங்கிய பெட்டி. இவர் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். திறந்து பார்த்தேன். பதக்கம் புதுத் தாலி மாதிரி மஞ்சளாக மினுங்கியது.

கறுப்பு எங்கே என்று கேட்டேன்.

"அது ஊத்தையப்பா. நூறு வருசத்து ஊத்தை. விளக்கோடை சேத்துப் புளித்தண்ணியிலை ஊற விட்டிட்டு, சோடாவும் தும்பும் போட்டுத் தேய்ச்சனான். உள்ளுக்கை நல்ல பித்தளை, பாத்தீரே?"

சிங்கின் அரிதட்டில் கறுப்புச் செதில்கள் கிடந்தன. ஊத்தை இல்லை, பெயின்ற். ஒரு மனுசனுக்கு ஒரு வேலை சொன்னால் அந்த ஒரு வேலையைச் செய்ய ஏலாதா? ஊசி மட்டும்! ஊசியையும் நல்ல அழகாக ஒட்டித்தான் வைத்திருந்தார், அதுதான் இன்னும் எரிச்சல். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இவர் தும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

றொனால்ட் கத்துவார் என்று நினைத்துக்கொண்டுதான் கீழே கொண்டுபோனேன். அவர் கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். அந்தப் பதக்கத்தில் நிறம்தான் கணக்காம். ஒன்று இரண்டு தரம் காயப்பட்டவனுக்குக் கறுப்பு, மூன்று நாலு என்றால் வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். அவர்களுடைய தெருவில் இருந்த ஒருவன் காசுக்கு வெள்ளி நிறப் பதக்கம் வாங்கிக் குத்திக்கொண்டு திரிந்தானாம். அவனோடு அப்பா சாகும்வரை பேசவில்லையாம். ஒரு காயத்துக்கு ஒரு காயத்தின் பதக்கம் என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தாராம். இப்போது எங்கள் வீட்டுப் புளி அந்த மனுசனை ஐந்து தரம் காயப்பட்ட வீரனாக்கி வைத்திருக்கிறது.

சனிக்கிழமை பழஞ்சாமான் சந்தைக்கு ஓடினேன். அங்கே கிறிஸ்ரியன் என்று ஒருவன் இப்படிப் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்து விற்கிறான். எங்களுடையதைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். திரும்பப் பெயின்ற் அடிக்கலாம், ஆனால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும் என்றான். பிறகு அதே அச்சில் கறுப்பு ஒன்றை எடுத்துக் காட்டினான். அச்சொட்டு. எனக்குப் போன உயிர் வந்தது. உடனே றொனால்டுக்குப் போன் எடுத்தேன். வேண்டாம் என்றார். இன்னொருவனின் காயத்தை அப்பாவின் காயம் என்று அக்காவிடம் சொல்ல மாட்டாராம். பெயின்றும் வேண்டாமாம், நடந்ததை நடந்தபடி சொல்வோமாம்.

நல்ல நேர்மை. ஒவ்வொரு பின்னேரமும் அந்த மனுசியின் கண்ணீரைத் துடைக்கிறது நான். றொனால்ட் ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வந்துவிட்டுப் போகிறவர். அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போல இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இவரும் வெளிக்கிட்டார். மழை வரப் பார்த்தது, கால் இழுத்தது, வராதேங்கோ என்று சொல்லியும் கேட்கவில்லை. அயன் பண்ணிய சட்டை போட்டு, அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறிங்க்மன் அம்மா தேடத் தொடங்கியிருந்தார். மடியெல்லாம் காலுறைகள். றொனால்ட் குனிந்து பதக்கத்தை அக்காவின் கையில் வைத்தார். பெருவிரல் தானாகவே தொப்பிக்கு மேலே போனது, வாள்களைத் தடவியது. முகம் அப்படியே இளகியது. தப்பினோம் என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டார்.

இது அப்பாவுடையது இல்லை என்றார். அப்பா ஒரு தரம்தான் காயப்பட்டவர், இது ஐந்து தரம் பட்டவனுடையது, அவன் இப்போது தேடிக்கொண்டிருப்பான், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். என் மனுசன் மினுக்கிய கதையை றொனால்ட் மெல்ல மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்ற என் மனுசனைக் கண்டார். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றதையும் கண்டார்.

"யுத்தத்திலை பட்டதோ?" என்று கேட்டார்.

இவர் தலையாட்டினார்.

"எத்தினை தரம்?"

ஒன்று என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவருடைய உடம்பில் எனக்குத் தெரியாத தழும்பு இல்லை.

"ஐஞ்சு," என்றார் இவர்.

பிறிங்க்மன் அம்மா கிட்ட வரச் சொன்னார். இவர் போய் முழங்காலில் இருந்தார். அந்த அம்மா பதக்கத்தை இவருடைய சட்டைப் பையில் குத்தி, இரண்டு தரம் தட்டிவிட்டார். இவர் ஒட்டிய ஊசி நன்றாகப் பிடித்தது. பிறகு திரும்பி அடுத்த லாச்சியை இழுத்தார் அந்த அம்மா. கறுப்பைத் தேட.

பஸ்ஸில் ஏறும்வரைக்கும்தான் அடக்கிக்கொண்டிருந்தேன். கெடுத்ததும் காணாது என்று அந்தப் பாவத்துக்குப் பொய்யும் சொல்ல வேண்டுமா, ஒண்டு எண்டு சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்று பிடித்துக்கொண்டேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் இல்லை, கஜந்தி. அம்மா, அப்பா, தங்கச்சியாக்கள் ரெண்டு பேர். பிறகு என்ரை கால்."

முப்பது வருசமாக நான் கேட்டுக் கேட்டுக் களைத்த கதை. பஸ்ஸுக்குள், நான் வாய் நிறையத் திட்டை வைத்துக்கொண்டிருக்கும்போதா சொல்ல வேண்டும்? எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை. கம்பியைப் பிடியுங்கோ, வளைவு வருகுது என்று மட்டும் சொன்னேன்.

றொனால்டிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். அக்கா குத்திவிட்டதை நான் கழற்ற மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். அது இப்போது எங்கள் சாமித் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை விளக்கை எடுத்து மினுக்குகிறார், அதைத் தொடுவதில்லை. ஓரம் மங்கத் தொடங்கிவிட்டது.

நேற்றும் எனக்குப் பின்னேர வேலை. அப்பா வரப்போகிறார், கறுப்புப் பதக்கம் எங்கே என்று பிறிங்க்மன் அம்மா கேட்டார். தேடுவோம் என்று சொல்லி நானும் லாச்சியை இழுத்தேன்.