'முழிச்சிருக்கியா' கருவியின் வாடிக்கையாளர்கள்

இலவசமாக மென்பொருள் எழுதிப் பொதுவில் வைப்பது, தண்ணீர்ப் பந்தல் வைத்துவிட்டுத் தண்ணீர் சூடாக இருக்கிறது என்று திட்டு வாங்குகிற வேலை. அப்படி எதையாவது செய்துகொடுத்து மாட்டிக்கொண்ட சகபாடிகளுக்காகவே இதை எழுதுகிறேன். இதில் கடைசியாக வருவதை மட்டும் நான் கண்ணால் பார்க்கவில்லை. சவூதியில் ஜுபைலில் இருக்கும் மாரிச்சாமி சொன்னது. அது நடந்ததுதானா என்று சில வருடங்களாகவே எனக்குச் சந்தேகம். மற்றவற்றுக்கு நானே சாட்சி.

சிவப்பு ஆட்கள்

கோட்டை கட்டி, படை சேர்த்து, அடுத்த கூட்டத்தின் கோட்டையை இடிக்கிற ஆன்லைன் விளையாட்டு அது. அதில் கூட்டத்துக்குக் கிளான் என்று பெயர்; எங்கள் கிளானில் எல்லோரும் வளைகுடாத் தமிழர்கள். நான் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஐ.டி. சப்போர்ட், ஐம்பதைத் தாண்டியவன். கிளான் தலைவர் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில், ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒரு எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் வேலை. சண்டை தொடங்கிவிட்டால் ஒருவர் விடாமல் போன் போட்டு எழுப்புவார். நைட் டூட்டி முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவனும் தப்ப முடியாது.

மாரிச்சாமி சாத்தூர்ப் பக்கம். ஜுபைலில் ஒரு பிளான்ட்டில் சாரம் கட்டுகிறார். எங்கள் கிளானின் பெரிய பலம் அவர்தான். தூக்கம் போய்ப் போய், கிளானே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அவரை இழக்க மனமில்லாமல் ஒரு சின்னக் கருவி எழுதினேன். டூட்டி நேரத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அதன் பலகையில் முழித்திருப்பவன் பச்சையில் தெரிவான், தூங்குகிறவன் சிவப்பில். சிவப்பு ஆளுக்குச் சண்டை ஒதுக்க முடியாது. 'முழிச்சிருக்கியா' என்று பெயர் வைத்தேன். மாரிச்சாமி தங்கிவிட்டார். தவராசா முதல் தடவை பலகையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன அண்ணை, சண்டைக்கு ஆள் கேட்டா ஆஸ்பத்திரி வார்டு மாதிரிக் காட்டுது?"

கவுண்டரின் மறுபக்கம்

ஒவ்வொருவருடைய படை பலத்தையும் கருவி தெரிந்துகொள்ள, விளையாட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரகசிய எண்ணை அதற்குக் கொடுக்க வேண்டும். தவராசா மறுத்துவிட்டார். ஒருவருக்கும் ரகசிய எண்ணைச் சொல்லக்கூடாது என்று கவுண்டரில் நாள் முழுக்கச் சனத்துக்குப் புத்தி சொல்கிறவர், நான் கேட்டால் மட்டும் எப்படிக் கொடுப்பார்? நியாயம்தான். நான் எழுதியதை வரிக்கு வரி பொதுவில் வைத்தேன். யாரும் படிக்கலாம், எடுத்துப் போகலாம், மாற்றலாம். என் நிரல் அவ்வளவு அழகானது அல்ல. தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பானோ என்று ஒரு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

பொதுவில் வைத்த அன்றே தவராசா எண்ணைக் கொடுத்துவிட்டார். நிரல் படிக்கத் தெரியாத உங்களுக்கு எப்படி நம்பிக்கை வந்தது என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாட்டில் என்ன, தெரிஞ்ச ஆரோ பாத்துக்கொண்டிருக்கினம் எண்ட பயம் உங்களுக்கு இருக்கும்தானே."

ஊர் நேரம்

ஒருமுறை சண்டைக்கு நேரம் குறிக்கும் பொறுப்பு மாரிச்சாமிக்கு வந்தது. கிளானின் கணக்கெல்லாம் ஷார்ஜா நேரம். அவரும் சரியாக ராத்திரி ஒன்பது மணி என்றுதான் போட்டார். ஆனால் எல்லோருடைய போனிலும் ஒன்றரை மணி நேரம் முன்பே மணி அடித்தது. பாதிப் பேர் பஸ்ஸில், பாதிப் பேர் மெஸ்ஸில். கையில் போன் இருந்தவன் மட்டும் தனியே போய் அடிவாங்கித் திரும்பினான்.

தவறு என்னுடையது. போனில் ஓடுகிற நேரத்தைக் கருவி அப்படியே நம்பியது. மாரிச்சாமியின் போனில் இந்திய நேரம்; அதன் ஒன்பது மணி ஷார்ஜாவில் ஏழரை. விசாரித்தால், கிளானில் பலருக்கும் அப்படித்தான். வேலைக்குச் சுவர்க் கடிகாரம், போன் வீட்டுக்கு. அதிலிருந்து கருவி முதலில் எந்த நாட்டில் வேலை என்று கேட்கிறது. போனை இங்கத்து நேரத்துக்கு மாற்றிவிடுங்களேன் என்று மாரிச்சாமியிடம் சொன்னதற்கு வந்த பதில்: "அப்புறம் எங்க வீட்டுல தூங்கிட்டாளா இல்லையான்னு நான் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது, அண்ணாச்சி?"

முதல் திருத்தம்

முன்பின் தெரியாத ஒருவர் நம் நிரலைத் திருத்தி அனுப்புகிற நாளுக்காக எல்லோரும் காத்திருப்போம் அல்லவா, எனக்கும் அது வந்தது. குவைத்திலிருந்து. என் கணக்குகளில் ஏதோ பெரிய பிழையைப் பிடித்துவிட்டார் என்று படபடப்போடு திறந்தேன். ஒரே ஒரு வரி மாறியிருந்தது. கீழே குறிப்பு: "எங்க பிளான்ட்ல சிவப்பு எரிஞ்சா எல்லாரும் வெளியே ஓடணும் பாஸ், அதனால தூங்குறவனை நீலமாக்கிட்டேன்."

மாரிச்சாமியின் ரூம்

பிறகு விளையாட்டையே புதுப்பித்தார்கள். கருவி அதோடு பேச மறுத்தது. சரிசெய்ய வார விடுமுறைகள் போகும். வளர்ந்த ஆண்கள் கோட்டை இடிப்பதற்கு வண்ணக் கட்டம் போட்டுக் கொடுப்பதுதான் இந்த வயதில் என் வேலையா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கருவியை மூடுகிறேன் என்று அறிவிப்புப் போட்டேன். அடுத்த நாளே மாரிச்சாமி கூப்பிட்டார்.

தொழிலாளர் கேம்ப்பில் அவர் ரூமில் பகல் டூட்டி ஆள், நைட் டூட்டி ஆள் இரண்டும் உண்டாம். லைட் சுவிட்ச் ஒன்றே ஒன்று. ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் லைட்டைப் போட்டதில் இருவருக்குள் பேச்சே நின்று, கேம்ப் பாஸ் ரூமையே கலைக்கப் பார்த்தாராம். அப்போது பக்கத்து ரூம் எலக்ட்ரீஷியன் ஒருவர் என் நிரலை எடுத்து, கோட்டை சமாச்சாரத்தை எல்லாம் கழித்துவிட்டு, பழைய போன் ஒன்றில் போட்டு சுவிட்ச் பக்கத்தில் ஒட்டிவிட்டாராம். நீலம் தெரிந்தால் லைட்டைத் தொடக்கூடாது. இப்போது அந்த இருவரும் ஒரே சட்டியில் சமைக்கிறார்களாம். "நீங்க மூடிட்டீங்கன்னா ரெண்டு பயலும் திரும்ப அடிச்சுக்குவானுக, அண்ணாச்சி."

அறிவிப்பை எடுத்துவிட்டேன். கருவியைச் சரிசெய்தேன். இன்று அது நன்றாகவே ஓடுகிறது. வேறு கிளான்களும் எடுத்துக்கொண்டன, திருத்துவதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். இனி நான் இல்லாவிட்டாலும் நிற்கும். அந்த ரூம்தான் இடிக்கிறது. ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றால், பிளான்ட்டில் கேமராவுக்குத் தடை என்பார் மாரிச்சாமி. நான் கேட்பது ரூமை. தவிர, அவர்கள் எடுத்தது தனிப் பிரதி. அதற்கு விளையாட்டும் தேவையில்லை, நானும் தேவையில்லை.

என்னைப் போன்றவனுக்கு இந்தத் தொழிலில் கிடைக்கிற ஒரே கூலி இப்படிப்பட்ட கதைதான், அதையும் உரசிப் பார்க்காமல் விடமாட்டேன் என்கிறது புத்தி. போன வாரம் பேச்சோடு பேச்சாகக் கேட்டே விட்டேன்:

"நான் மூடியிருந்தாலும் உங்க ரூம்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருந்திருக்கும் மாரிச்சாமி, அப்புறம் எதுக்கு என்னைத் தடுத்தீங்க?"